சம்பளத்துக்கு மரம் நட்டவர் பெயரை மரத்தோட்டத்துக்கு வைக்கலாமா?

கேட்ட நண்பரின் ஊரில் நடப்பது இது. நகராட்சியில் முப்பது வருஷத்துக்கு மேல் பூங்கா மேற்பார்வையாளராக இருந்தவர் போன வருஷம் காலமாகிவிட்டார். ஏரியை ஒட்டிய இடத்தில் நகராட்சி இப்போது ஒரு மரத்தோட்டம் அமைக்கிறது, அங்கே நிற்கிற மரங்களில் பாதி அவர் காலத்தில் வைத்தவை. அவர் பெயரையே தோட்டத்துக்கு வைக்கச் சொல்லிச் சிலர் மனு கொடுத்திருக்கிறார்கள். "சும்மாவா செய்தார், சம்பளம் வாங்கித்தானே செய்தார், இப்படி ஒவ்வொருவருக்கும் வைக்க ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்" என்று சிலர் எதிர்க்கிறார்கள். விஷயம் மன்றக் கூட்டம் வரை வந்துவிட்டது. வேறு எங்காவது இப்படிச் செய்திருக்கிறார்களா, செய்வதென்றால் எப்படிச் செய்வது, பெயருக்கு முன்னால் என்ன பட்டம் போடுவது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

செய்திருக்கிறார்கள், ஆனால் அபூர்வமாக. பணம் கொடுத்தவர் பெயரும் உத்தரவு போட்டவர் பெயரும்தான் எங்கும் பலகையில் இருக்கும், மண்ணில் கை வைத்தவர் பெயர் எப்போதாவது தவறிப்போய் ஏறிவிடும். அப்படி ஏறிய சில இடங்களும் ஏறாமல் போன சில இடங்களும் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். மரங்கள் இருக்கிற எல்லா இடமும் மரத்தோட்டம் ஆகாது. ஆங்கிலத்தில் ஆர்போரீட்டம் என்று சொல்கிற இடத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண் இருக்கும். எந்த இனம், விதை எங்கிருந்து வந்தது, எந்த வருஷம் நட்டது என்று ஒரு பதிவேடும் இருக்கும். நிழலுக்காக வைத்தால் பூங்கா, ஒப்பிட்டுப் பார்க்கவும் படிக்கவும் வைத்துக் கணக்கும் வைத்திருந்தால் ஆர்போரீட்டம். அமெரிக்காவில் சிகாகோ பக்கம் இருக்கும் மார்ட்டன் ஆர்போரீட்டம் உலகம் முழுக்க உள்ள மரத்தோட்டங்களுக்குத் தரச்சான்று கொடுக்கிறது. அதில் முதல் படிக்கே குறைந்தது 25 இன மரஞ்செடிகள், எழுதிய திட்டம், பொறுப்பான ஒரு அமைப்பு, பொதுமக்கள் வந்து போக வசதி எல்லாம் வேண்டும். 25 என்பது பெரிய எண்ணிக்கையே இல்லை, வேம்பு, புங்கன், இலுப்பை, மருதம், நாவல், மகிழம், புன்னை, வாகை என்று எண்ண ஆரம்பித்தால் நம் ஊரில் ஒரு தெருவிலேயே பாதி வந்துவிடும். அந்த மார்ட்டனும் உப்பு வியாபாரத்தில் பெரும் பணம் பார்த்த ஜாய் மார்ட்டன் என்பவரின் பெயர்தான், 1922இல் தன் பண்ணை நிலத்தில் ஆரம்பித்தார்.

பாஸ்டன் நகரத்தில் ஆர்னால்ட் ஆர்போரீட்டம் இருக்கிறது, 1872இல் தொடங்கியது. ஜேம்ஸ் ஆர்னால்ட் திமிங்கில எண்ணெய் வியாபாரத்தில் சம்பாதித்தவர், தோட்டம் உருவாவதற்கு நாலு வருஷம் முன்பே செத்துப்போனார், உயிலில் விட்டுப்போன பணத்தில் வந்த இடம் அது. அங்கே ஒரு மரத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. அதன் முதல் இயக்குநர் சார்லஸ் ஸ்ப்ரேக் சார்ஜென்ட் 1873இலிருந்து 1927இல் இறக்கும் வரை 54 வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அந்த இடத்தை உருவாக்கினார், ஆனால் பெயர் ஆர்னால்டுடையது. அங்கே எனக்குப் பிடித்த சமாச்சாரம் வேறு ஒன்று. 1882இல் நகரமும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் போட்ட ஒப்பந்தப்படி நிலம் நகரத்துக்குச் சொந்தம், அதை வருஷம் ஒரு டாலருக்கு ஆயிரம் வருஷக் குத்தகைக்குப் பல்கலைக்கழகத்துக்கு விட்டிருக்கிறார்கள். மரம் வைக்கிறவன் போட வேண்டிய குத்தகை அது. நம்மில் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மன்றம் மாறியதும் பூங்காவுக்குள் தண்ணீர்த் தொட்டி கட்டலாமா, சமுதாயக் கூடம் கட்டலாமா என்று யோசிக்கிறோம்.

சரி, உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது சான்பிரான்சிஸ்கோ.

அங்கே கோல்டன் கேட் பூங்கா, 1,017 ஏக்கர், பெரும்பகுதி வெறும் மணல்மேடாக இருந்த இடம். கடல் காற்று அடிக்கிற அடியில் இன்றைக்கு இருக்கிற மேடு நாளைக்கு இருக்காது. வில்லியம் ஹாமண்ட் ஹால் என்ற பொறியாளர் 1870களில் வேலையை ஆரம்பித்தார், மணலைப் பிடித்து நிறுத்த பார்லி, லூப்பின் என்று ஒவ்வொன்றாகத் தூவிப் பார்த்தார். 1887இல் பொறுப்புக்கு வந்தவர் ஜான் மெக்லாரன். ஸ்காட்லாந்துக்காரர், 1846இல் பிறந்தவர், எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் வேலை கற்றவர், கலிபோர்னியாவில் பணக்காரர்கள் பங்களாவில் தோட்டக்காரராக இருந்து நகரத்து வேலைக்கு வந்தவர். மணலுக்கு எரு வேண்டுமென்று நகரத்துத் தெருக்களில் கூட்டி அள்ளிய குதிரைச் சாணத்தைப் பூங்காவுக்குக் கொண்டுவந்து கொட்ட வைத்தார். அந்தக் காலத்தில் அந்த ஊர்த் தெருக்களில் அதற்கு என்ன பஞ்சம்! தண்ணீருக்கு 1903இல் ஒன்றும் 1908இல் ஒன்றுமாகக் கடற்கரை ஓரம் இரண்டு பெரிய காற்றாலைகள் எழுந்தன. வாழ்நாளில் இருபது லட்சம் மரம் வைத்தார் என்று சொல்வார்கள். புல்லில் நடக்காதே என்று பலகை வைப்பது அவருக்குப் பிடிக்காது, நடக்கத்தானே புல் என்பது அவர் கட்சி.

ஓய்வு வயது வந்தபோது ஊரே எதிர்த்து நின்றது. கடைசியில் விதியில் அவருக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள், 1943 ஜனவரியில் 96 வயதில் சாகும் வரை அதே பதவியில் இருந்தார். பூங்கா வாசலில் நிர்வாகக் கட்டடமாகவும் அவர் வீடாகவும் இருந்ததற்கு இன்று மெக்லாரன் லாட்ஜ் என்று பெயர், நகரத்தின் தென்கிழக்கில் 300 ஏக்கருக்கு மேல் உள்ள பூங்காவுக்கு மெக்லாரன் பார்க் என்று பெயர்.

இவருக்குச் சிலைகள் என்றால் ஆகாது. பூங்காவில் யாராவது ஒரு சிலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் அதைச் சுற்றிப் புதராக வளரும் செடியை நட்டுவிடுவார், கொஞ்ச வருஷத்தில் சிலை மறைந்துவிடும். தன் ஊர்ப் பேச்சில் அவற்றை 'ஸ்டூக்கி' என்று கிண்டலாகச் சொல்வாராம். அவருக்கே ஒரு சிலை செய்து கொடுத்தபோது வாங்கிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் ஒளித்துவைத்துவிட்டார். அவர் இறந்த பிறகுதான் அது வெளியே வந்தது. இன்று ரோடோடென்ட்ரான் செடிகளுக்கு நடுவே, பீடம் கீடம் எதுவும் இல்லாமல் வெறும் தரையில், கையில் ஒரு பைன் காயை வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நிற்கிறது. முதல் தடவை படத்தில் பார்த்தபோது வேலைக்கு நடுவில் யாரோ நின்று யோசிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

இவ்வளவு செய்த மனிதரின் பூங்காவுக்குள்ளேயே ஒரு ஆர்போரீட்டம் உண்டு, அதற்கு அவர் பெயர் இல்லை. 1890களிலிருந்தே அங்கே மரத்தோட்டம் வேண்டும் என்று திட்டம் இருந்தது, காசு இல்லை. 1926இல் ஒரு வியாபாரியின் விதவையான ஹெலன் ஸ்ட்ரைபிங் சொத்தை எழுதிவைத்துவிட்டுப் போனார், 1937இல் வேலை தொடங்கி 1940இல் திறந்தார்கள், ஸ்ட்ரைபிங் ஆர்போரீட்டம் என்று பெயர் வந்தது. இமயமலையில் வளரும் ஒரு மக்னோலியா இனம் அமெரிக்காவிலேயே முதல் தடவை பூத்தது அங்கேதான், அதே 1940இல், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இளஞ்சிவப்புப் பூ, ஊரே திரண்டு வந்து பார்த்தது. அந்த மரங்களை நட்டு ஆளாக்கிய முதல் இயக்குநர் எரிக் வால்தர், மெக்லாரனுக்குக் கீழே வேலை பார்த்தவர். அவர் பெயரைத் தாவரவியல்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. 2004இல் அந்த இடத்தைச் சான்பிரான்சிஸ்கோ தாவரவியல் தோட்டம் என்று மாற்றினார்கள், இப்போது ஸ்ட்ரைபிங் அம்மாளின் பெயரும் புழக்கத்தில் தேய்ந்துகொண்டே வருகிறது. பணம் போட்டாலும் கதி அதுதான் போல.

ஸ்ட்ரைபிங் அம்மாளை நான் குறை சொல்லவில்லை. காசு இல்லாமல் அந்த இடமே இல்லை. ஆனால் காசு கொடுத்தவருக்குப் பெயர் வைக்கும்போது "அவர் என்ன, இருந்ததைக் கொடுத்தார், அவ்வளவுதானே" என்று யாரும் கேட்பதில்லை. உழைத்தவர் என்று வரும்போது மட்டும் சம்பளக் கணக்கு ஞாபகம் வருகிறது.

இன்னும் வடக்கே போனால் சியாட்டில். அங்கே கடலையும் உள்ளூர் ஏரிகளையும் இணைக்கும் கால்வாயில் கப்பல்களை ஏற்றி இறக்கும் பெரிய நீர்ப்பூட்டுகள் இருக்கின்றன, 1917இல் திறந்தவை. தோண்டி முடித்த பிறகு கரையில் எஞ்சியது குண்டும் குழியுமான கட்டட மண். 1931இல் அங்கே உதவித் தோட்டக்காரராக வேலைக்குச் சேர்ந்தார் கார்ல் இங்கிலிஷ், தாவரவியல் படித்தவர். நகராட்சி ஊழியர் இல்லை, ராணுவப் பொறியியல் பிரிவின் ஊழியர், ஆனாலும் கதை உங்கள் மேற்பார்வையாளர் கதைதான். புதிது புதிதாகச் செடி வாங்க நிதி எங்கே இருக்கும்? இவரும் தாவரவியல் தெரிந்த இவர் மனைவி ஈடித்தும் மலைமலையாக ஏறி விதை பொறுக்கினார்கள், அந்த விதைகளை உலகத்தின் பல தோட்டங்களுக்கு அனுப்பிப் பதிலுக்கு அவர்களிடமிருந்து விதை வாங்கினார்கள். 43 வருஷம் இதே வேலை. ஏழு ஏக்கரில் ஐந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள் வந்துவிட்டன. 1974இல் அவர் ஓய்வு பெற்றபோது தோட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள், இரண்டு வருஷம் கழித்து இறந்தார்.

அந்த வளாகத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீர்ப்பூட்டுகளுக்கு ஹிராம் சிட்டெண்டன் என்ற பொறியாளர் பெயர், தோட்டத்துக்குத் தோட்டக்காரர் பெயர். இரண்டு பேரும் ஒரே துறையில் சம்பளம் வாங்கியவர்கள், ஒருவர் அதிகாரி, ஒருவர் தோட்ட வேலைக்கு வந்தவர். ஒரே வாசலில் நுழைந்து இரண்டு பெயரையும் படிக்கலாம். இப்படி நான் வேறு இடத்தில் கேள்விப்பட்டதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆள் என்று கேட்டால் மினியாபொலிஸ் நகரத்தின் எலாய்ஸ் பட்லர். 1851இல் பிறந்தவர், அந்த நகரத்துப் பள்ளிகளில் பல வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்த டீச்சர். சுற்றிலும் இருந்த சதுப்பும் காடும் வீட்டுமனையாக மாறி, பாடம் நடத்தக் காட்டவேண்டிய செடிகளே காணாமல் போவதைப் பார்த்து, வேறு ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டு பூங்கா வாரியத்திடம் மனு கொடுத்தார். 1907இல் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார்கள், அமெரிக்காவில் பொதுமக்களுக்கான மிகப் பழைய காட்டுப்பூத் தோட்டம் அதுதான். 1911இல் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அந்தத் தோட்டத்தின் பொறுப்பாளராகவே சேர்ந்துவிட்டார். செடி திருடுகிறவர்கள், தனிமை தேடி வந்து செடியை மிதிக்கும் ஜோடிகள் தொல்லை தாங்காமல் 1924இல் கைக்காசு போட்டு வேலி அடித்தார். 1929இல் தோட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள், உயிரோடு இருக்கும்போதே. 1933 ஏப்ரல் 10, மழை, வழக்கம்போலத் தோட்டத்துக்குப் போன இடத்தில் மாரடைப்பு, எண்பத்தியொரு வயது. அஸ்தியை அங்கேயே தூவினார்கள், மறு வருஷம் ஒரு ஓக் மரமும் வைத்தார்கள்.

பட்லர் டீச்சரை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் வேலியும் இல்லை, அஸ்தியும் இல்லை. அவர் வைத்திருந்த குறிப்பேடு. 1907இலிருந்து இன்ன தேதியில் இன்ன இடத்திலிருந்து இன்ன செடி கொண்டுவந்து இன்ன இடத்தில் நட்டேன் என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். அந்த ஏடு இன்றும் இருக்கிறது. அதனால்தான் அவர் பெயர் வெறும் பெயராக நிற்காமல், எந்தச் செடி எப்படி வந்தது என்று கேட்டால் பதில் சொல்கிற பெயராக இருக்கிறது.

இப்போது சம்பள வாதம். "சம்பளம் வாங்கித்தானே" என்கிறவர்களிடம் ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள், பென்னிகுவிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர் அரசாங்கச் சம்பளம் வாங்கிய பொறியாளர். 1895இல் அணை திறந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள், பொங்கலுக்கு அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள், லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது, தேனி பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். அங்கே போய் "சம்பளம் வாங்கித்தானே கட்டினார்" என்று சொல்லிப் பாருங்கள், சொன்னவர் பஸ் ஏறி ஊர் திரும்புவது சந்தேகம். ஆக, அரசு ஊழியருக்குப் பெயர் வைப்பது நமக்குப் பழக்கமில்லாத விஷயமே இல்லை. கடைநிலை ஊழியர் என்றால்தான் கை கூசுகிறது.

நம் மலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874இல் உண்டானது, அது ஏறக்குறைய ஒரு ஆர்போரீட்டம்தான், ருத்திராட்ச மரம் வரை அங்கே பார்க்கலாம். சிம் என்பவர் மதராஸ் அரசாங்கத்தின் செயலாளர். கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா 1908இல் போட்ட திட்டம், பிரையண்ட் மதுரை வன அதிகாரி. இரண்டு பேரும் சம்பளக்காரர்கள். மே மாதம் பழக்கண்காட்சிக்கும் மலர்க்கண்காட்சிக்கும் போகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவருக்காவது சிம் யார், பிரையண்ட் யார் என்று தெரியுமா? தெரியாது. பெயர் மட்டும் நிற்கிறது. டாப்ஸ்லிப் பக்கம் தேக்குக் காட்டுக்கு நடுவில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது, 1933இல் இறந்தவர், அந்தத் தேக்குகளைத் திரும்ப வளர்த்தவர். கல்லறையில் ஒரு லத்தீன் வரி, லண்டன் புனித பால் தேவாலயத்தில் அதைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னுக்கு எழுதிய அதே வரி: நினைவுச்சின்னம் தேடுகிறாயா, சுற்றிப் பார். அங்கே நின்று சுற்றிப் பார்த்தால் உண்மையிலேயே மரம்தான் தெரிகிறது.

ஆனால் இதையெல்லாம்விட உங்கள் விவகாரத்துக்கு உதவுகிற இடம் நிலம்பூர். மலப்புறம் மாவட்டத்தில் கொனோலி தோட்டம் என்று இரண்டேகால் ஹெக்டேருக்குச் சற்று மேலாக ஒரு தேக்குத் தோப்பு, உலகத்திலேயே மிகப் பழைய நட்டு வளர்த்த தேக்கு அதுதான், 1840களில் வைத்தது. கொனோலி மலபார் கலெக்டர். கப்பல் கட்டத் தேக்கு வேண்டும், காடு காலியாகிறது, நட்டு வளர்க்கலாம் என்று முடிவெடுத்தது அவர். ஆனால் தேக்கு விதை லேசில் முளைக்காது, ஓடு அப்படி, ஆரம்ப முயற்சிகள் தோற்றுப்போயின. அவருக்குக் கீழே இருந்த சாத்து மேனோன்தான் முளைக்க வைத்து, நாற்றாக்கி, ஆள் வைத்து நட்டவர், இருபது வருஷத்தில் பத்து லட்சத்துக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். தோப்புக்குப் பெயர் கொனோலி. சாத்து மேனோனைப் பற்றி, விஷயம் தெரிந்த வழிகாட்டி யாராவது இருந்தால் சொல்வார்.

இதை உங்கள் ஊர் ஆட்கள் எதிர்பார்க்காத பக்கம் திருப்புகிறேன். உங்கள் மேற்பார்வையாளரே அங்கே ஒரு கொனோலியாக இருக்கலாம். நான் தோட்டக்கலை வேலையிலேயே காலம் தள்ளியவன், மேற்பார்வையாளர் என்றால் என்ன செய்வார் என்று தெரியும். குழி வெட்டியது யார்? ஏப்ரல் மாதத்தில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியது யார்? தினக்கூலிக்கு வந்த நாலைந்து பெண்கள் இருப்பார்கள், மஸ்டர் ரோலில் கைநாட்டு மட்டும் இருக்கும். மன்றத் தீர்மானத்துக்கு முன்னால் அவர்களைத் தேடிப்பிடித்து, ஒரு காலை நேரம் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு நடங்கள். "இது அய்யா வைத்தது", "இது பட்டுப்போனதை அவர் விடாமல் சாணி கரைத்து ஊற்றி எடுத்தது" என்று அவர்களே சொன்னால் பெயர் அவருக்குத்தான், யோசிக்கவே வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு "வருவார், போவார்" என்று சொன்னால் மனுவை மடித்து வைத்துவிடுங்கள். இதைவிட நேர்மையான விசாரணை எந்தக் குழு போட்டாலும் நடக்காது.

அந்த நடையிலேயே பதிவேட்டு வேலையையும் முடித்துக்கொள்ளலாம். அவர்கள் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொள்ளட்டும், மரத்துக்கு மரம் எண், நட்ட வருஷம் ஏறக்குறையத் தெரிந்தாலும் போதும், நாற்று எங்கிருந்து வந்தது. எண்ணில் வருஷத்தையும் வரிசை எண்ணையும் சேர்த்துப் போடுவதுதான் வழக்கம், 1994இல் வைத்த பன்னிரண்டாவது மரம் என்றால் 1994-12, அவ்வளவுதான். அலுவலகத்தில் அவர் காலத்து நாற்றங்கால் பதிவேடு கிடக்கிறதா என்றும் பாருங்கள், பழைய ரெக்கார்டு கழிக்கிறோம் என்று ஒரு நாள் மொத்தத்தையும் மூட்டை கட்டி எடைக்குப் போட்டுவிடுவார்கள். அவர் வீட்டிலும் கேளுங்கள், இந்த மாதிரி ஆட்கள் டைரியில் எழுதிவைத்திருப்பார்கள். அமெரிக்காவில் பல நகரங்கள் ஒருவர் இறந்து சில வருஷம் ஆன பிறகுதான் பெயர் வைக்கலாம் என்று விதி வைத்திருக்கின்றன, சூட்டோடு சூடாக முடிவெடுக்கக் கூடாது என்று. பெயருக்கு அது சரி. தகவல் சேகரிக்கக் காத்திருக்காதீர்கள், தண்ணீர் ஊற்றிய அம்மாக்களுக்கு இப்போதே அறுபது தாண்டியிருக்கும்.

பெயர்த்தகடு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் நான் சூடு பட்டவன். பல வருஷம் முன்பு ஒரு ஊர்ப் பூங்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட மரங்களுக்குத் தகரத் தகடு அடித்தோம், நாலு மூலையிலும் ஆணி, மரத்தோடு ஒட்டி அடித்தாகிவிட்டது, பார்க்க அழகாக இருந்தது. எட்டு வருஷம் கழித்துப் போனேன். ஒரு மகாகனி மரத்தில் பட்டை இரண்டு பக்கமும் உதடு மாதிரி மடிந்து தகட்டை விழுங்கிக்கொண்டிருந்தது, நடுவில் "மகா" மட்டும் தெரிந்தது. மற்றதில் பாதி துருப்பிடித்துப் போய்விட்டது, மீதியை யாரோ பிடுங்கியிருந்தார்கள். அடிக்கச் சொன்னவரும் நானும் சேர்ந்துதான் அந்தத் தப்பைச் செய்தோம். அலுமினியத் தகட்டில் எழுத்தைப் பொறித்து, ஸ்பிரிங் வைத்த திருகாணியில் மாட்டினால் மரம் பருக்கப் பருக்கத் தகடு முன்னால் தள்ளிக்கொண்டு வரும், இல்லையென்றால் பக்கத்தில் ஒரு சிறு கல்லை நட்டு அதில் பதித்துவிடுங்கள். இளம் மரத்துக்குக் கல்தான் நல்லது.

அப்புறம் பணம். பெயர் சூட்டும் தீர்மானத்திலேயே பராமரிப்புக்கு வருஷா வருஷம் ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் லாரிக்காவது. அந்த வரி இல்லாமல் பெயர் மட்டும் நிறைவேறினால், காய்ந்துபோன தோட்டத்துக்கு வாசலில் அவர் பெயர் தொங்கும், போகிற வருகிறவர்கள் "அந்த ஆள் வைத்த லட்சணம் பார்" என்பார்கள். அதற்கு வைக்காமலே இருக்கலாம்.

கல்வெட்டில்தான் வழக்கமாகக் கெடும். நம் ஊர்த் திறப்பு விழாக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். மேலே மாண்புமிகு, அதற்குக் கீழே முன்னிலை, தலைமை, வார்டு உறுப்பினர்கள் வரிசை, ஒப்பந்ததாரர் வரை வந்துவிட்டு, யார் நினைவாகக் கட்டினார்களோ அவர் பெயர் அடியில் மிளகளவு எழுத்தில். இரண்டு கல் வையுங்கள் என்று சொல்லிவிடுங்கள். விழாக் கல் மதில் சுவரில் இருக்கட்டும், எத்தனை பேர் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், சண்டை வேண்டாம். வாசல் கல்லில் அவர் ஒருவர்தான். மெக்லாரன் மாதிரி தரையோடு இருந்தாலே போதும், பீடம் வேண்டாம், மார்பளவுச் சிலை வேண்டவே வேண்டாம்.

பட்டம் என்ன போடுவது என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். அமரர், பசுமைக் காவலர், மரங்களின் தந்தை எதுவும் வேண்டாம். அவர் பெயர், அதை ஊர் எப்படிக் கூப்பிட்டதோ அப்படி. கீழே "பூங்கா மேற்பார்வையாளர், நகராட்சி". அதற்கும் கீழே பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் இல்லை, வேலைக்குச் சேர்ந்த வருஷமும் ஓய்வு பெற்ற வருஷமும். உடன் நட்டவர்கள் என்று அந்த நாலைந்து பெண்களின் பெயரையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள், இடம் போதும்.